காற்று பிரிந்தது என்று எழுதினேன்

போன மார்கழியில் எனக்குப் பித்தப்பையை எடுத்தார்கள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில். வயிற்றில் நான்கு சின்ன ஓட்டைகள், அவ்வளவுதான். காலையில் ஆபரேஷன் முடிந்தது, சாயங்காலமே ஒரு பெண் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். மறுநாள் காலை தட்டில் இரண்டு இட்லி. நான் முப்பத்து மூன்று வருஷம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் அறுவை சிகிச்சை வார்டு. அதனால் இட்லியைத் தொடாமல் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். யாரும் அதைக் கேட்பதாக இல்லை. கடைசியில் நானே அந்த நர்ஸ் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, காத்து பிரிஞ்சுதான்னு கேக்க மாட்டியா?"

அவள் சிரித்துவிட்டாள். "இப்பல்லாம் அதுக்காகக் காத்திருக்கறதில்ல ஆன்ட்டி. குமட்டல் இல்லேன்னா சாப்புடுங்க. பெரிய ஆபரேஷன் பண்ணவங்களுக்கே மறுநாள் சூயிங்கம் குடுத்து மெல்லச் சொல்றோம். மென்னா, சாப்பாடு வருதுன்னு நெனச்சிக்கிட்டு குடல் முழிச்சிக்குமாம். நீங்க நர்ஸா இருந்தப்ப நெஜமாவே காத்து போற வரைக்கும் பட்டினி போடுவீங்களா?"

"போட்டோம்" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வலிக்கிறது போல என்று நினைத்து அந்தப் பெண் ஊசி எடுத்துவர ஓடினாள். எனக்கு வலியெல்லாம் இல்லை. சுகந்தியின் ஞாபகம் வந்துவிட்டது. இருபது வருஷமாகப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாத விஷயம் அது.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். அப்பாவும் அம்மாவும் கூலி வேலை. அம்மா அஞ்சம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினேன், பன்னிரண்டு முடித்தேன், நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நின்றே பழகிய கால்கள், ஹாஸ்டல் ரசம், அடிக்கடி அழுகை. ஒரே ஒரு காட்சி மட்டும் மறக்கவில்லை. முதன்முதலாக ஆபரேஷன் தியேட்டரில் ஒருவரின் வயிற்றைத் திறந்தபோது உள்ளே குடலைப் பார்த்தேன். புத்தகத்தில் படம் வரைந்து பாகம் குறித்தவள்தான். ஆனால் அது நகரும் என்று எனக்கு உறைத்திருக்கவில்லை. ரோஜா நிறத்தில், ஈரமாக, ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்து, தன்பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் மயக்கத்தில் கிடக்கிறார், அவர் குடல் மட்டும் வேலையில் இருக்கிறது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பிறகு டெல்டாவில் ஒரு ஊர் அரசு மருத்துவமனையில் வந்து சேர்ந்தேன். ஊர் பெயர் வேண்டாம். அங்கே தலைமை சர்ஜன் சபாபதி டாக்டர். குள்ளமான மனிதர், பேச்சு குறைவு. அவருடைய கைக்காக வசதியான குடும்பங்கள்கூடத் தனியார் ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு எங்கள் வார்டில் வந்து படுப்பார்கள். ரவுண்ட்ஸ் வரும்போது மற்ற டாக்டர்கள் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேள்வி கேட்பார்கள். இவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நோயாளியின் இடுப்புக்குப் பக்கத்தில் உட்காருவார். ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணுவார். வயிற்றில் வைத்துக் கண்ணை மூடுவார். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நிற்போம், ஃபேன் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் போகும். "ம், பேசுது" என்பார். இல்லாவிட்டால், "இன்னும் கோவமா இருக்கு" என்பார்.

வயிற்றைத் திறந்து கை வைத்தாலே குடல் அசைவதை நிறுத்திவிடும். திரும்ப வேலையைத் தொடங்க நேரம் எடுக்கும். அதை அவர் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வார்.

"மேட்டூர் தொறந்த அன்னிக்கே கடைமடைக்குத் தண்ணி வந்துடுமா? சிறுகுடல் ஒரு நாளுக்குள்ள முழிச்சிக்கும். எரைப்பைக்கு இன்னொரு நாளு. பெருங்குடல்தான் கடைமடை, மூணாவது நாள்தான் வரும். அங்கேந்து காத்து வெளிய வந்துச்சுன்னா மேல எல்லா எடமும் தொறந்திருக்குன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி வாயில ஊத்துனா எங்க போவும்?"

அதுவரை மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் போட்டிருப்போம். ரைல்ஸ் டியூப். மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ்முனை என்று அளந்து, அந்த நீளத்துக்கு உள்ளே விட வேண்டும். நாம் எதுவும் சாப்பிடாவிட்டாலும் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர் எல்லாம் ஊறிக்கொண்டேதான் இருக்கும். கீழே இறங்க வழியில்லாதபோது அத்தனையும் இரைப்பையில் தேங்கும். அதை மணிக்கொரு தரம் சிரிஞ்சில் உறிஞ்சி, அளந்து, நிறம் பார்த்து எழுத வேண்டும். பச்சையாக நிறைய வந்தால் குடல் இன்னும் தூங்குகிறது.

காற்று பிரிந்ததா என்று கேட்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஸ்க்ரீனை இழுத்து மறைக்க வேண்டும். கூட இருப்பவர்களை வெளியே அனுப்ப வேண்டும். பெண்களிடம் பெண்தான் கேட்க வேண்டும், அதுவும் காதோடு. கேட்ட பதிலை அப்படியே நம்பவும் கூடாது.

"வெக்கத்துல இல்லாததை ஆச்சுன்னும் சொல்லுவாங்க, ஆனதை இல்லேன்னும் சொல்லுவாங்க. நீ ஸ்டெதாஸ்கோப்ப வச்சு வயித்துக்கிட்டயே கேட்டுக்க."

இந்த முறையை நான் எத்தனையோ புது நர்ஸ்களுக்கு ஒப்பித்திருக்கிறேன். எனக்குக் குரல் பெரிது. வெண்கலத் தொண்டை சிஸ்டர் என்று நோயாளிகள் பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் குரல் தானாக இறங்கிவிடும். ஒரே ஒரு நாள் இறங்கவில்லை.

சுகந்திக்கு இருபத்து நாலு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். புருஷன் முரளி சிங்கப்பூரில் வேலை. குடல் முறுக்கிக்கொண்டு வயிறு உப்பி வந்தாள். சபாபதி டாக்டர் கறுத்துப்போன சிறுகுடலை ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாள் அவளுக்கு வாய் கொப்பளிக்க டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். கட்டிலருகே மாமியார் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு விசாலம் அம்மாள். என் அம்மா அவர்கள் வயலில்தான் காலமெல்லாம் நடவு நட்டாள்.

அந்த அம்மாளும் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீ அஞ்சம்மா மவதானே? அட, நீதான் இங்க நர்சா? ஒங்க ஆத்தா எங்க வயல்லதான கெடந்தா!" என்றார். என் பின்னால் இரண்டு பயிற்சி நர்ஸ்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு என் கையிலிருந்த டம்ளரை ஒரு விரலால் தள்ளினார். "இத எடுத்துக்கிட்டுப் போ. தண்ணி நாங்க வீட்லேந்து கொண்டாந்துக்குறோம். கொப்புளிக்கக்கூட நீ குடுக்க வாணாம்."

வார்டுக்கு நான் இன்சார்ஜ். டாக்டர்களே என்னை வாங்க போங்க என்பார்கள். ஒரு நொடியில் இடுப்பில் கூடையோடு அந்த வீட்டுக் கொல்லையில் நிற்கிற சின்னப் பெண்ணாகிவிட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். அப்போது சுகந்தி, மூக்கில் குழாயோடு, என் புடவை முனையைப் பிடித்தாள். "அத்த அப்டித்தான் சிஸ்டர். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். மாமியார் காதில் விழாதபடி சொன்னாள்.

இதை நான் எழுதியே ஆகவேண்டும். அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவளிடம்தான் நான் கணக்குத் தீர்த்தேன்.

மூன்றாம் நாள் சபாபதி டாக்டர் ஊரில் இல்லை. சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். பதினொரு மணி, பார்வையாளர் நேரம். சுகந்தியின் கட்டிலைச் சுற்றி மாமியார், மாமனார், இன்னும் இரண்டு ஆம்பளை உறவினர்கள். பக்கத்துக் கட்டில்களிலும் கூட்டம். நான் ஸ்க்ரீனை இழுக்கவில்லை. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. கால்மாட்டில் நின்று, கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

"ஏம்மா, காத்து போச்சா? குசு விட்டியா இல்லியா? வாயத் தொறந்து சொல்லு!"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். மாமனார் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். விசாலம் அம்மாளின் முகம் செத்துப்போனது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்.

சுகந்தி போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். காது வரை சிவந்திருந்தது. "ஆச்சு சிஸ்டர்" என்றாள். இன்னொரு முறை அந்தக் கேள்வி வராமலிருந்தால் போதும் என்று அவள் சொன்ன பதில் அது. இருபது வருஷ அனுபவம் உள்ளவளுக்கு அது தெரியாதா? தெரிந்தது. ஸ்டெதாஸ்கோப் என் கழுத்தில்தான் இருந்தது. அதை எடுத்து வைப்பதென்றால் நான் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், வயிற்றை மறைக்க வேண்டும், குரலைத் தாழ்த்த வேண்டும். அந்த அம்மாள் முன்னால் அப்படிக் குனிய எனக்கு மனம் வரவில்லை. நின்றபடியே எழுதினேன். 'காற்று பிரிந்தது. குடல் சத்தம் நன்றாக உள்ளது.'

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன டூட்டி டாக்டர் அதைப் படித்தார். என் எழுத்தை அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? குழாயை எடுக்கச் சொன்னார், தண்ணீரை வாய் வாயாகக் கொடுக்கலாம் என்றார். குழாயை நான்தான் உருவினேன். வாயில் ஒன்றும் தரக்கூடாது என்று கட்டிலில் தொங்கிய அட்டையையும் நான்தான் கழற்றினேன். அட்டை போய்விட்டதைப் பார்த்து, மூன்றரை மணிக்கு விசாலம் அம்மாள் மருமகளுக்கு அரை டம்ளர் இளநீர் கொடுத்தார்.

நாலரை மணிக்குச் சுகந்திக்கு விக்கல் எடுத்தது. இரைப்பை நிறைந்து மேலே முட்டினால் விக்கல் வரும். முதலில் செய்ய வேண்டியது வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. நான் மேஜையில் உட்கார்ந்தபடியே, "தண்ணி குடிம்மா, நின்னுடும்" என்றேன். அவள் குடித்தாள். விக்கல் நிற்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐந்தரைக்குப் போய்ப் பார்த்தபோது வயிறு பானை மாதிரி இறுகியிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை அப்போதுதான் வைத்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. குழாயை எடுத்துவர நான் திரும்பினேன், அதற்குள் அவள் வாந்தி எடுத்துவிட்டாள். மல்லாந்து படுத்திருந்தாள். பச்சைத் தண்ணீர் வாயிலும் மூக்கிலும் பொங்கி வந்து மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விட்டது. புரட்டிப் போட்டோம், சக்ஷன் வைத்து உறிஞ்சினோம், ஆக்சிஜன் கொடுத்தோம். உதடு நீலமாகவே இருந்தது.

மறுநாள் காலை சபாபதி டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேஸ் ஷீட்டைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"குடல் சத்தம் கேட்டது யாரு?"

"நான்தான் சார்."

"எவ்ளோ நேரம்?"

"ரெண்டு நிமிஷம் சார்."

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. "சார், அவங்க மாமியார் இளநி குடுத்துருக்காங்க சார்" என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

எத்தனையோ வருஷத்தில் அன்றுதான் அவர் கத்தி நான் கேட்டேன். "யாரக் கேட்டும்மா குடுத்தீங்க? தச்ச குடல்மா அது! இன்னும் தூங்கிட்டிருக்கும்மா அது!" என்றார். விசாலம் அம்மாள் சுவரோடு சுவராக நின்றார். "அட்டைய எடுத்துட்டாங்களேன்னு..." என்று ஆரம்பித்தவரை மாமனார் முடிக்க விடவில்லை. "கொன்னுட்டியேடி பாவி" என்றார். நான் பக்கத்தில் நின்று டெம்பரேச்சர் எழுதிக்கொண்டிருந்தேன்.

சுகந்தியைத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். நுரையீரல் முழுக்கச் சளி கட்டி, மூன்றாம் நாள் இறந்துபோனாள். விசாரணை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நோயாளி காற்று பிரிந்ததாகச் சொன்னார், உறவினர் அனுமதியின்றி இளநீர் கொடுத்தார். என் வாக்குமூலம் இவ்வளவுதான். அதற்குப் பிறகும் பதிமூன்று வருஷம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தினார்கள், பொறுமைக்குப் பெயர்போன சிஸ்டர் என்று ஒருவர் மைக்கில் பேசினார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தச் சூயிங்கம் பெண் பேசியதும் என் மனசு வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்துவிட்டது. இப்போதெல்லாம் சீக்கிரமே கொடுக்கிறார்களாமே, அப்படியானால் நீ செய்ததில் என்ன தப்பு என்று கேட்டது. ஒரு வாரம் அதைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். ஆனால் இன்றைக்குக் கொடுக்கிறவர்களும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதினேன். விக்கல் வந்தபோதும் எழுந்திருக்கவில்லை.

மாசியில் ஒருநாள் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். வயலில் அறுவடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வீட்டில் விசாலம் அம்மாள் மட்டும் இருந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு, கம்பு ஊன்றி வந்து கிரில் கதவைத் திறந்தார். நான் யாரென்று சொன்னேன்.

"தெரியுது. உள்ள வாங்க. உக்காருங்க" என்றார். அந்த 'ங்க' எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உட்காராமல் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்ட கேள்வி, ஏன் அப்படிக் கேட்டேன், கேட்காத சத்தம், எழுதிய பொய், கழற்றிய அட்டை. அவர் கம்பின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார். அழவில்லை, திட்டவில்லை.

"எங்க வீட்டுக்காரரு செத்து ஏழு வருஷமாச்சு" என்றார். "அந்தப் புள்ள போனதுலேந்து சாவுற வரைக்கும் எங்கையால ஒரு வாய் சாப்புடல. வேலைக்காரி வச்சா திம்பாரு, நான் வச்சா எந்திரிச்சிடுவாரு. முரளியும் அப்டித்தான். அப்பன் காரியத்துக்கு வந்தப்பகூட கடைத்தெருவுல போயி சாப்ட்டுட்டு வந்தான். நானும் சரிதான்னு இருந்துட்டேன். கொடுத்த கைதானேன்னு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிச்சிடுங்க என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு அதற்கு முன்னால் என்ன செய்ய?

அவர் அலமாரியிலிருந்து செல்போனை எடுத்தார். கண் சரியாகத் தெரியாததால் என்னிடமே நீட்டினார். "முரளின்னு இருக்கும். போடுங்க. அவன்ட்ட சொல்லுங்க."

போட்டேன். எடுத்தான். நான் இன்னார் என்று சொல்லி, சத்தம் கேட்காமலே கேட்டதாக எழுதியதையும், குழாயை எடுத்ததையும், உங்க அம்மா மேல தப்பில்லை என்பதையும் சொன்னேன். கடைசியில், "இத ஏங்க இப்ப சொல்றீங்க?" என்றான். அதோடு வைத்துவிட்டான்.

"என்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. வச்சிட்டாரு."

"முழுசாக் கேட்டானா?"

"கேட்டாரும்மா."

"வார்டுல வச்சு அந்தப் புள்ளைய அப்டிக் கேட்டத சொன்னீங்களா?"

அதை விட்டுவிட்டுத்தான் சொல்லியிருந்தேன். பக்கத்தில் நின்று கேட்டவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

"நான் ஒங்கள நீ வான்னு பேசுனது, தண்ணி வாணாம்னு தள்ளுனது?"

"அதையும் சொல்லலம்மா."

"அங்கேந்துதான ஆரம்பிச்சுது" என்றார் விசாலம் அம்மாள். கம்பை மடியில் கிடத்திவிட்டு என் எதிரில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டையும் சொல்லுங்க. ஒண்ண விட்டுட்டு ஒண்ணச் சொல்லாதீங்க. திரும்பப் போடுங்க."

போட்டேன். மணி அடிக்கத் தொடங்கியது.